தெருவே எரிந்தபின் அக்கம்பக்கத்தார் எதற்கு?

கேள்வி: காட்டுத்தீயில் எங்கள் தெரு முழுவதும் எரிந்துவிட்டது. குடும்பங்கள் ஆளுக்கொரு ஊரில் வாடகைக்கு இருக்கிறோம். காப்பீட்டு வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது. பழைய அக்கம்பக்கத்தாரோடு தொடர்பில் இருப்பதால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காட்டுத்தீ 173 உயிர்களைப் பறித்தது. அந்த ஊர்களின் மக்களை மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உள்ளூர்க் குழுக்களில் அளவாக ஈடுபட்டவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது. நெருங்கியவர்கள் ஊரைவிட்டுப் போனபின் தங்கியிருந்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. 'அளவாக' என்பதைக் கவனியுங்கள். அளவுக்கு மீறி இழுத்துப்போட்டுக்கொண்டவர்களுக்குப் பயன் குறைந்தது.

முதலில் ஒரு தெருப் பட்டியல் போடுங்கள். பெயர், இப்போது தங்கியிருக்கும் இடம், இரண்டு தொலைபேசி எண்கள், எந்தக் காப்பீட்டு நிறுவனம் என்பவை போதும். பாலிசி எண்ணும் வங்கி விவரமும் அதில் வேண்டாம். பேரிடருக்குப் பின் மோசடிக்காரர்கள் தேடுவதே அவற்றைத்தான். வாடகைக்குக் குடியிருந்தவர்களை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் விடுபடுவது அவர்கள்தான். வாட்ஸ்அப் பழக்கமில்லாத முதியவர்களை வாரம் ஒருமுறை அழைத்துப் பேச ஒருவரை நியமியுங்கள். 2017இல் 'டப்ஸ்' என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீக்குப் பின் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில், காஃபி பார்க் குடியிருப்பினர் பகுதிவாரியாக ஆள் பொறுப்பேற்றுச் செய்திகளைக் கொண்டுசேர்த்தார்கள்.

காப்பீட்டில்தான் அக்கம்பக்கம் பணமாகவே கைகொடுக்கும். எரிந்த பொருள்களை அறைவாரியாக எழுதித் தரவேண்டியிருக்கும். உங்கள் படங்களும் எரிந்திருக்கும். பக்கத்து வீட்டார் கைப்பேசியில் இருக்கும் பிறந்தநாள் படங்களில் உங்கள் அலமாரியும் தொலைக்காட்சியும் தெரியலாம். நினைவு மங்குமுன் கேட்டு வாங்குங்கள். ஒரே நிறுவனத்தில் பாலிசி எடுத்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, இடிபாடு அகற்றும் செலவு, தற்காலிக வாடகை ஆகியவற்றுக்கு யாருக்கு என்ன ஒப்புக்கொண்டார்கள் என்று ஒப்பிடுங்கள். வாசகம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அவரவர் பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

மனையைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள், குழந்தைகளைக் கூட்டிப் போகவும் வேண்டாம். பழைய கட்டடங்களின் சாம்பலில் ஈயமும் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். என்95 முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை, தடித்த காலணி வேண்டும். சாம்பலை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி பெருக்கினால் தூள் நுரையீரலுக்குப் போகும்.

குடிநீரில் கூடுதல் கவனம் தேவை. டப்ஸ் தீக்குப் பின்னும், 2018இல் அதே கலிபோர்னியாவில் பாரடைஸ் நகரை அழித்த 'கேம்ப்' காட்டுத்தீக்குப் பின்னும் குழாய் நீரில், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் என்ற வேதிப்பொருள் கண்டறியப்பட்டது. சூடேறிய பிளாஸ்டிக் குழாய்களும், அழுத்தம் குறைந்தபோது உள்ளே இழுக்கப்பட்ட புகையும் இதற்குக் காரணமாகலாம். கொதிக்கவைப்பது தீர்வாகாது, பென்சீன் ஆவியாகி வீட்டுக் காற்றில் கலக்கும். பரிசோதனை முடிவுகளைத் தெருவுக்குள் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆனால் ஒரு வீட்டு இணைப்பு சுத்தமாக இருப்பது அடுத்த வீட்டுக்குச் சான்றாகாது.

ஒப்பந்ததாரர்களிடம் நான்கைந்து வீட்டார் சேர்ந்து விலை கேட்டால் பேரம் பேச வலு கூடும். ஒப்பந்தத்தை மட்டும் தனித்தனியாகப் போடுங்கள். பணத்தை வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். பெருந்தொகை முன்பணம் கேட்பவரைப் பற்றிக் குழுவில் உடனே சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட குழுக்கள் கலைவது பெரும்பாலும் ஒரே ஆள் எல்லாவற்றையும் சுமப்பதால்தான். அவரும் வீட்டை இழந்தவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றுங்கள். காப்பீடு, தண்ணீர், கட்டுமானம் என்று வெவ்வேறு ஆட்களிடம் பிரித்துக் கொடுங்கள்.

திரும்பி வரப்போவதில்லை என்று முடிவெடுத்தவர்களையும் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். காலி மனையில் புதர் மண்டிக் காய்ந்தால் புதிய வீடுகளுக்கு அதுவே ஆபத்து. அதை வெட்டச் சொல்லவோ, அவர் சம்மதத்தோடு நீங்களே வெட்டவோ அந்தத் தொலைபேசி எண் தேவைப்படும்.