வாசகர் கேள்வி – பதில்: வேலைகளுக்கு நடுவே செபம்

கேள்வி: நான் அலுவலகம் செல்லும் தாய். சமையல், பிள்ளைகள், அலுவலகம், நோயுற்ற மாமியாருக்குப் பணிவிடை என்று நாள் ஓடிவிடுகிறது. இரவில் செபமாலையின் நடுவிலேயே உறங்கிவிடுகிறேன். "இடைவிடாது இறைவனிடம் வேண்டுங்கள்" என்ற வரியை வாசிக்கும்போதெல்லாம் குற்ற உணர்வு வாட்டுகிறது. என்னைப் போன்றவர்கள் இறைவனுக்கு மனம் திறந்து வாழ்வது எப்படி?
– வாசகி ஒருவர்

பதில்: சகோதரி, அந்த வரியை எழுதிய பவுல் எப்படி வாழ்ந்தார் என்பதை அதே திருமுகத்திலேயே காணலாம். தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில், எவருக்கும் சுமையாய் இராதபடி இராப்பகலாய் உழைத்துக்கொண்டே நற்செய்தியை அறிவித்ததை அவர் நினைவூட்டுகிறார்; கூடாரம் செய்வது அவருடைய தொழில் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. ஆகவே 5ஆம் அதிகாரத்தில் அவர் கேட்கும் இடைவிடாத வேண்டல், வேலையை ஒதுக்கிவிட்டு முழந்தாளில் இருக்க வாய்த்தவர்களுக்கு மட்டுமே உரியதாக இருக்க முடியாது.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரிடம் 1551இல் இதற்கு நெருங்கிய கேள்வி ஒன்று வந்தது. படிப்பில் மூழ்கியிருந்த இளம் துறவியரால் நெடுநேரம் தியானிக்க இயலாது என்பதை ஏற்றுக்கொண்டு, நடக்கும்போதும் பேசும்போதும் பார்க்கும்போதும் சுவைக்கும்போதும், செய்யும் அனைத்திலும் ஆண்டவரின் உடனிருப்பைத் தேடிப் பழகட்டும் என்று அவர் சார்பில் பதில் எழுதப்பட்டது. வேலை நேரத்தில் மந்திரம்போல் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பது இதன் பொருள் அன்று. கணக்குப் பார்க்கும்போது கணக்கில்தான் கவனம் இருக்க வேண்டும். ஆனால் அந்த வேலைக்குள் எதிர்பாராமல் ஒருவர் வந்து நிற்கும்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் நம் மனம் திறந்திருக்கிறதா என்பது தெரியவரும். மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், சாகும் தறுவாயில் இருந்த யாயிரின் மகளைக் குணமாக்க இயேசு விரைகிறார். அந்நேரத்தில், 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு பெண் கூட்டத்தில் அவருடைய ஆடையைத் தொடுகிறார். இத்தனை பேர் நெருக்கும்போது தொட்டவர் யார் என்று கேட்கலாமா எனச் சீடர்கள் வியக்க, இயேசுவோ நின்று, தேடிப் பார்த்து, அப்பெண் நடந்ததையெல்லாம் சொல்லும்வரை காத்திருக்கிறார். உங்கள் மாமியார் இரவில் அழைக்கும் குரலும் அத்தகையதே என்று நான் உறுதியாக நம்புகிறேன்; அதற்காக எழுந்து செல்வதால் செபம் முறிந்துவிடுவதில்லை.

இருப்பினும், உழைப்பே செபம் என்று சொல்லிவிட்டுத் தனிச் செபத்தை முற்றிலும் கைவிடுவதும் சரியன்று. இரவில் உறக்கம் மேலிடுவதற்கு முன், பத்து நிமிடங்கள் ஆன்ம சோதனைக்கு, அதாவது அன்றைய நாளை இறைவன் முன் திரும்பிப் பார்ப்பதற்கு, ஒதுக்குங்கள். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திற்கு முன் அவற்றை எண்ணிப் பார்ப்பதே ஆன்ம சோதனை என்று பலர் நினைக்கிறார்கள். இஞ்ஞாசியார் கற்பித்த முறையோ நன்றியில் தொடங்குகிறது. பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறி, உள்ளதை உள்ளபடி காணும் அருளை வேண்டி, எழுந்த நேரம் முதல் மணிக்கு மணி நாளைத் திரும்பப் பார்த்து, தவறியவற்றுக்கு மன்னிப்புக் கேட்டு, நாளைய நாளுக்கு ஓர் உறுதி எடுத்து, கர்த்தர் கற்பித்த செபத்துடன் முடிக்க வேண்டும். இறைவன் வந்ததை அந்தந்த நேரத்தில் நாம் கவனிக்கத் தவறியிருக்கலாம். பேருந்தில் இடம் தந்தவரிடமும், கோபத்தில் அழவைத்த பிள்ளையின் முகத்திலும் அவரை இரவில் அடையாளம் காண்கிறோம். சில வாரங்கள் தொடர்ந்தால், அடுத்த பகலிலேயே கவனிக்கும் பழக்கம் வரும்.

கேள்வி: செபிக்க அமர்ந்ததும் மனம் எங்கெங்கோ அலைகிறது. இப்படிச் செபிப்பதில் பயன் உண்டா?
– வாசகர் ஒருவர்

பதில்: உண்டு. செபத்தைப் பற்றி மிக ஆழமாக எழுதிய அவிலா நகர்ப் புனித தெரேசாவே, தம் மனம் அலைவதையும், எழுதிக்கொண்டிருக்கும்போதே தலைக்குள் இரைச்சல் கேட்பதையும் மறைக்காமல் எழுதி, இதற்காகச் செபத்தை விட்டுவிட வேண்டாம் என்று தம் சகோதரிகளுக்கு அறிவுறுத்தினார். அலைந்ததை உணர்ந்தவுடன், உங்களைக் கடிந்துகொள்ளாமல் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஒரே கவலை மீண்டும் மீண்டும் குறுக்கிட்டால், அதை விரட்டப் போராடாமல், அன்றைய செபத்தின் கருத்தாக அதையே ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள்.