ஆற்றோரத் தாழ்நிலத்தில் அரிய மீன்களைத் தேடுவது எப்படி?

இலங்கையின் மகாவலி ஆற்றின் மேற்பகுதியிலும் அதன் கிளை ஆறுகளிலும் பாதுகாக்க வேண்டிய மீன்களைக் கணக்கெடுப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கம்பளையிலிருந்து: அண்ணா, எங்கள் ஊர் ஆற்றோரத் தாழ்நிலத்தை மண் போட்டு நிரப்பப் போகிறார்கள். பெப்ரவரியில் ஒரு நாள் வலை வீசிப் பார்த்துவிட்டு, ‘முக்கியமான மீன் எதுவும் இல்லை’ என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். இது போதுமா?

போதாது தம்பி. பெப்ரவரியில் அந்த நிலம் காய்ந்து கிடக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஆறு கரை மீறும்போதுதான் மீன்கள் பக்கக் குட்டைகளுக்கும் வயலுக்கும் கான்களுக்கும் ஏறும். புல் மண்டிய அந்த அசையாத தண்ணீரில்தான் பல இனங்களின் குஞ்சுகள் வளர்கின்றன. அதனால் வெள்ளம் வடியத் தொடங்கும் நாட்களில் பார்க்க வேண்டும், இரவிலும் பார்க்க வேண்டும். விலாங்கும் கெளுத்தியும் பகலில் கல்லிடுக்கை விட்டு வெளியே வருவது குறைவு. வீச்சு வலையில் பெரிய மீன்தான் விழும்; புல்லுக்குள் நிற்கும் சின்ன மீனுக்குக் கைவலை வேண்டும். எத்தனை இடத்தில், எவ்வளவு நேரம், எந்த வலையால் பார்த்தார்கள் என்பது அறிக்கையில் இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். அது முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு (ஒரு திட்டத்தால் சுற்றாடலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே பார்க்கும் ஆய்வு) என்றால், பொதுமக்கள் எழுத்தில் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அதை விட்டுவிடாதீர்கள்.

நாவலப்பிட்டியிலிருந்து: எந்த மீனை முக்கியமாகத் தேட வேண்டும் ஐயா?

முதலில் லேபியோ ஃபிஷெரி. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத மீன். பாறைகளுக்கிடையே வேகமாக ஓடும் தண்ணீரும் ஆழமான மடுவும் அதற்கு வேண்டும். வயலில் தேடிப் பயனில்லை. ஆகவே தாழ்நிலத்தோடு நிறுத்தாமல் ஆற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: சிஸ்டோமஸ் மார்டென்ஸ்டினி என்ற மீன் நக்கிள்ஸ் மலை, அம்பன் கங்கை ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்தது. உங்கள் ஊர்ப் பட்டியலில் அது இருந்தால், வேறு அறிக்கையைப் பார்த்து எழுதினார்களா என்று நான் சந்தேகப்படுவேன்.

கினிகத்தேனையிலிருந்து: மீன்தொட்டிக் கடையில் பிளாக் ரூபி என்று விற்கும் புலத்ஹபயா எங்கள் ஓடையில் இருக்கிறது. இது இந்த இடத்து மீனா?

உங்கள் ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். களனி ஆற்றுப் பக்கம் என்றால் அது அதன் சொந்த இடம். மகாவலிப் பக்கம் என்றால், 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கொண்டுவந்து விட்ட மீன்களின் வழி வந்ததாக இருக்கலாம். எப்படியானாலும் பதிவு செய்ய வேண்டும், ஆனால் அந்த விபரத்தோடு.

நுவரெலியாவிலிருந்து: டிரவுட்டும் கணக்கில் வருமா?

வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்த மீன் அது. அந்நிய இனம் என்று தனியாக எழுத வேண்டும்.

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: பிள்ளைகளை வைத்து மீன் பிடித்துக் கணக்கெடுக்கலாமா?

வலை வேண்டாம் டீச்சர். ஆய்வுக்காகப் பிடிக்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கரையிலிருந்தே நிறையச் செய்யலாம்: மழை பெய்த மறுநாள் தண்ணீரின் நிறம், எந்தக் குட்டை எத்தனை நாள் வற்றாமல் நிற்கிறது, குஞ்சுகள் எங்கே கூட்டமாக நிற்கின்றன. தேதியும் படமும் சேர்த்து வையுங்கள். ஒரு நாள் மட்டும் வந்து போகும் குழுவுக்கு இந்தத் தகவல் கிடைக்காது.