லாபிரிந்த்: கோடரியும் ஒரு சாடித் தேனும்

வணக்கம் ஐயா,

போன மாதம் அம்மா காலையில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதே தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, சீட்டில் ‘லாபிரிந்தைடிஸ்’ என்று எழுதினார். இப்போது பரவாயில்லை. ஆனால் அந்தச் சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. சுற்றிச் சுற்றிப் போகும் வழியைக் குறிக்கும் லாபிரிந்த் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘இரட்டைக் கோடரி வீடு’ என்று பொருள் எனக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். கோடரிக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? தமிழில் ‘புதிர்வழி’ என்று எழுதலாமா?

கே., தென்காசி

அன்புள்ள கே.,

அம்மா தேறிவிட்டார் என்பதில் நிம்மதி.

கோடரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்த விளக்கத்தை நானும் ரொம்ப வருஷம் நம்பி, இரண்டு மூன்று பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். 1900-இல் ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் க்னோஸாஸ் மேட்டைத் தோண்டினார். அறைக்குள் அறையாக ஒரு பெரிய மாளிகை வெளியே வந்தது. சுவர்க் கற்களில் இருபக்கமும் வாயுள்ள கோடரி செதுக்கியிருந்தது. லிடியா நாட்டார் கோடரியை ‘லாப்ரிஸ்’ என்பார்கள் என்று ப்ளூட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எங்கோ ஒரு வரி எழுதியிருக்கிறார். லாப்ரிஸ், லாபிரிந்தோஸ், கோடரி மாளிகை, கிரேக்கக் கதையில் அரைமனிதன் அரைக்காளையான மினோட்டாரை அடைத்துவைத்த இடம் என்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. பொருந்தியது மட்டும்தான். லிடியா இருந்தது இன்றைய துருக்கியின் மேற்கில். ப்ளூட்டார்க் வாழ்ந்தது அந்த மாளிகை அழிந்து ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து. கிரீட்காரர்கள் தங்கள் கோடரியை அப்படி அழைத்தார்கள் என்பதற்கு ஓர் எழுத்துகூட ஆதாரம் கிடையாது. ஓசை ஒத்துப்போனால் போதும் என்று சொல்லுக்கு வேர் கண்டுபிடிக்கிறவர்களை நாம் வாட்ஸாப்பில் தினமும் பார்க்கிறோம். எவன்ஸ் பெரிய ஆள்தான், ஆனாலும் இதில் அவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்.

சொல்லின் வால் பக்கம்தான் கொஞ்சம் உறுதியான தரை. கொரிந்த் என்ற ஊர், ஹயாசிந்த் என்ற பூ, பழைய கிரேக்கக் கவி ஹோமர் குளியல் தொட்டிக்குச் சொல்லும் ‘அசாமிந்தோஸ்’, இவற்றிலெல்லாம் வரும் அந்த ‘இந்தோஸ்’ கிரேக்கர்கள் வருவதற்கு முன்னால் அங்கே இருந்தவர்களின் பேச்சிலிருந்து வந்தது என்பதை அறிஞர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு போய்விட்டது, இந்த மாதிரிச் சொற்கள் மட்டும் கரை ஒதுங்கிக் கிடக்கின்றன.

அப்புறம் என் கட்சிக்குப் பெரிய சாட்சி, க்னோஸாஸில் கிடைத்த உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு களிமண் வில்லை. குறைந்தது 3,200 வருஷப் பழசு. அதிலுள்ள எழுத்தை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசிக்க வழி கண்டுபிடித்தார் (தொழிலில் அவர் கட்டடக்கலைஞர்). அதில் இருப்பது காவியம் இல்லை, சுத்தமான ஸ்டோர் ரூம் கணக்கு: எல்லாத் தெய்வங்களுக்கும் தேன், ஒரு சாடி, லாபிரிந்தின் தலைவிக்குத் தேன், ஒரு சாடி. அத்தனை தெய்வங்களும் சேர்ந்து ஒரு சாடியைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும், இந்த அம்மாவுக்கு மட்டும் தனிச் சாடி! யார் இவள் என்று கணக்குப்பிள்ளை எழுதவில்லை, அவருக்குத் தெரியும், எழுத வேண்டிய அவசியம் இல்லை. இந்தச் சொல் நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய இடம் இதுதான். இங்கே காளை இல்லை, கோடரி இல்லை, வழிதவறிய யாரும் இல்லை. ஏதோ ஓர் இடம், அதற்கு ஒரு அம்மன், அவளுக்குத் தேன் படையல்.

இன்னொன்று: வில்லையில் சொல்லின் முதலெழுத்து ‘ல’ இல்லை, ‘பந்தம்’ என்பதில் வருகிற மாதிரி ஒலிக்கும் ‘த’. அசோகர் கல்வெட்டில் சோழர் ‘சோட’ என்று இருக்கிறதே, அதுபோலத்தான் இதுவும் இருக்க வேண்டும். வேற்று மொழிக்காரனின் ஒலிக்குத் தன்னிடம் எழுத்து இல்லாதபோது பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் போட்டுச் சமாளிப்பது. அப்படியானால் முதல் ஒலியே சரியாகத் தெரியாத சொல்லை லாப்ரிஸோடு முடிச்சுப் போடுவது இன்னும் கஷ்டம்.

சரி, பொருளுக்கு வருவோம். ஒரு தாளை எடுங்கள், அல்லது அம்மாவிடமே மாவைக் கொடுங்கள். ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு மூலைகளிலும், மடங்கும் இடம் நடுவைப் பார்க்கும்படி ‘ட’ எழுத்து மாதிரி ஒவ்வொன்று. ஒவ்வொரு ‘ட’வுக்கு வெளியிலும் ஒரு புள்ளி. இப்போது கூட்டல் குறியின் மேல் முனையை வலப்பக்கத்து ‘ட’வின் மேல் முனையோடு வளைத்துச் சேருங்கள். அதற்கு மேலாக, இடப்பக்கம் அடுத்த முனை, வலப்பக்கம் அடுத்த முனை, புள்ளியையும் ஒரு முனையாகக் கணக்கிட்டு, இப்படியே எட்டு வளைவு. முடிந்தது. க்னோஸாஸ் நகரத்து நாணயங்களில் இருக்கும் ஏழுசுற்று லாபிரிந்த் இதுதான். பொள்ளாச்சி பக்கம் கெடிமேட்டில் கல்லடுக்கிச் சதுரமாக இருக்கிறதே, தொல்லியல்காரர்கள் ‘புதிர்நிலை’ என்று சொல்வது, அதுவும் இந்த ஜாதிதான்.

கோடுகளுக்கு நடுவே விரலை விட்டு நடத்திப் பாருங்கள். வெளியிலிருந்து எண்ணினால் முதலில் மூன்றாம் சுற்றில் நுழைவீர்கள், அப்புறம் இரண்டு, ஒன்று, பிறகு நான்கு, திடீரென்று ஏழு. மையம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே விடாது. ஆறு, ஐந்து என்று வெளியே தள்ளிவிட்டு, அதற்கப்புறம்தான் மையம். கவனித்தீர்களா, ஓர் இடத்தில்கூட வழி இரண்டாகப் பிரியவில்லை. தொலைந்துபோக வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் முடியாது.

அப்படியென்றால் கதையில் மினோட்டாரைக் கொல்லப் போன வீரன் தீசியஸ் கையில், திரும்பி வர வழி தெரியட்டும் என்று இளவரசி அரியாத்னி நூல்கண்டு கொடுத்தது எதற்கு? ஒற்றை வழிக்கு நூல் தேவையே இல்லை! கதை ஒரு லாபிரிந்தைச் சொல்கிறது, நாணயம் வேறொன்றைக் காட்டுகிறது, இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக இரண்டும் ஒன்றாகவே குடித்தனம் நடத்துகின்றன. வழிகள் பிரிந்து முட்டுச்சந்தில் முடியும் செடிவேலிப் புதிர்களெல்லாம் ஐரோப்பாவில் ரொம்பப் பிற்காலத்துத் தோட்ட விளையாட்டு. (போகிறபோக்கில்: துப்பறியும் கதையில் ‘க்ளூ’ என்கிறோமே, அது ஆங்கிலத்தில் முதலில் நூல்கண்டைத்தான் குறித்தது. இந்தக் கதையால்தான் துப்பு ஆனது.)

‘தலைசுற்ற வைக்கும் கட்டடம்’ என்ற பொருளில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில், எழுதியது கிரீட்டைப் பற்றியே இல்லை, எகிப்தில் மோரிஸ் ஏரிக்கரையில் இருந்த ஒன்றைப் பற்றி. மேலே 1,500 அறை, கீழே 1,500 அறை, பிரமிடுகளையே மிஞ்சியது என்கிறார். கீழே மட்டும் அவரை விடவில்லை, அரசர்களையும் புனித முதலைகளையும் புதைத்த இடமாம்.

காதுக்கு இப்போது வரலாம். உட்காதில், பொட்டெலும்புக்குள், நத்தைக்கூடு மாதிரி ஒன்றும் மூன்று அரைவட்டக் குழாய்களும் திரவத்தோடு சுருண்டு கிடக்கின்றன. அந்த வளைசலைப் பார்த்துத்தான் உடற்கூற்றுக்காரர்கள் லாபிரிந்த் என்று பெயர் வைத்தார்கள். அங்கே அழற்சி வந்தால் அம்மாவுக்கு வந்தது. அதேபோல், செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு உறுப்பை வைத்துக்கொண்டு காற்றை நேராகச் சுவாசிக்கும் மீன்களை லாபிரிந்த் மீன் என்கிறார்கள். நம் பனையேறிக் கெண்டை அந்த வகை. 1791-இல் தரங்கம்பாடியில், டேனிஷ் கம்பெனியில் வேலை பார்த்த டால்டார்ஃப் என்ற லெப்டினன்ட், பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒன்றைக் கையால் பிடித்ததாக எழுதினார். தரையில் நகரும், அது நிச்சயம். மரம் ஏறியதை நான் அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டேன்.

‘புதிர்வழி’ பற்றிக் கேட்டீர்கள். செடிவேலித் தோட்டத்துக்கு எழுதுங்கள், தப்பில்லை. அம்மாவின் சீட்டுக்கு ‘உட்காது அழற்சி’ போதும். தேன் வாங்கிய அம்மனுக்கு மட்டும் நான் ‘லாபிரிந்த்’ என்றே விட்டுவிடுவேன். அது கட்டடமா, குகையா, ஆடுகளமா என்றே தெரியாதபோது வழி என்று எப்படி எழுத?

கோலம் வந்தால் ஒரு போட்டோ அனுப்புங்கள். எட்டாவது வளைவில்தான் எல்லோரும் தப்பு செய்வார்கள். அது கூட்டல் குறியின் கீழ் முனையில் வந்து முடிய வேண்டும்.