மெல்லிசைக் குழு மேடையில் எலக்ட்ரானிக் டிரம்ஸ் சரிப்படுமா?

தாராளமாகச் சரிப்படும். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். மண்டபத்துக்குள் கச்சேரி என்றால் என் முதல் தேர்வு எலக்ட்ரானிக்தான். நம் மண்டபங்களில் தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் வெறும் சிமெண்ட். அசல் ஸ்னேரை (கூர்மையாக ஒலிக்கும் டிரம்) ஓங்கி அடித்தால் அந்த ஓசை பாடகியின் மைக்கிலும் ஏறிவிடும். மிக்ஸரில் டிரம்ஸை அடியோடு இறக்கினாலும் அது போகாது.

ஆனால் அசல் டிரம்ஸ் மேடையில் தானாகவே கேட்கும். எலக்ட்ரானிக் டிரம்ஸ் நாம் கேட்க வைத்தால்தான் கேட்கும். பல குழுக்கள் இடறுவது இங்கேதான். வாசிப்பவர் ஹெட்போனில் ரசித்து வாசிப்பார். பக்கத்தில் நிற்கும் பேஸ் கிட்டார்காரருக்கோ ரப்பரில் குச்சி விழும் ‘டொக் டொக்’ மட்டும்தான் கேட்கும். அவர் எதைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்? ஆகவே கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் இரண்டையும் எல்லோருடைய மானிட்டரிலும் (மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான ஸ்பீக்கர்) கேட்டு வாங்குங்கள். டிரம்ஸுக்கென்று பெரிய ஸ்பீக்கர் ஒன்றை உங்கள் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். கீபோர்டுக்கான சிறிய ஆம்ப் கிக்கின் அடித்தொனியைத் தாங்காது.

மாடியூலிலிருந்து (டிரம்ஸின் ஒலியை உண்டாக்கும் பெட்டி) மிக்ஸருக்கு நீளமான கேபிள் போகும்போது டிஐ பாக்ஸ் (நீளமான கேபிளுக்கு ஏற்றபடி சிக்னலை மாற்றித் தரும் சிறு பெட்டி) அவசியம். இல்லையென்றால் இரைச்சல் சேர்ந்துகொள்ளும். கம்பெனி அமைத்துத் தரும் ஒலிகளில் எதிரொலி தூக்கலாக இருக்கும். வீட்டில் கேட்க அழகுதான், மண்டபத்தில் எல்லாம் குழம்பிவிடும். அதை முழுவதும் அணைத்துவிடுங்கள்.

சப்வூஃபரை மேடைப் பலகை மீது வைக்க விடாதீர்கள். அதன் அதிர்வு ஸ்டாண்டு வழியாக ஏறி, யாரும் தொடாமலே பேட் (குச்சியால் அடிக்கும் ரப்பர் தட்டு) ஒலிக்கும். திரெஷோல்டை, அதாவது எவ்வளவு பலமாக அடித்தால் பேட் ஒலிக்க வேண்டும் என்ற அளவை, கூட்டினால் இது அடங்கும். அளவுக்கு மீறிக் கூட்டினால் மெல்லிய விரல் அடிகள் எல்லாம் காணாமல் போய்விடும். மெலடிப் பாட்டின் உயிரே அந்த அடிகளில்தான் இருக்கிறது. அதனால் முதலில் சப்வூஃபரைத் தரையில் இறக்குங்கள், அப்புறம் திரெஷோல்டில் கை வையுங்கள்.

தவில், உறுமி, டோலக் ஒலிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆக்டபேட் (எட்டுப் பகுதிகளைக் குச்சியால் அடித்து வாசிக்கும் பலகை) போதும். 1985-இல் வந்த முதல் ரோலண்ட் ஆக்டபேடில் சொந்தமாக ஒலியே கிடையாது, மிடி (மின்னணு இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) வழியாக வேறு கருவியைத்தான் ஒலிக்க வைக்கும். பிந்தைய மாடல்களில் ஒலிகள் உள்ளேயே வந்துவிட்டன.

எலக்ட்ரானிக்கில் எனக்கு இன்னமும் மனநிறைவு தராதது ஹைஹாட் (காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டுகள்). பாதி திறந்த நிலையில் குச்சியின் பக்கவாட்டால் அடிக்கும் அந்தச் சீற்றம், விலை குறைந்த செட்டுகளில் வருவதில்லை. எங்கள் குழுவில் அசல் ஹைஹாட் ஒன்றைக் கூடவே நிறுத்திக்கொள்கிறோம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ஒரு சிறிய யூபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள். மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் மாடியூல் அணைந்து, மறுபடி முதலிலிருந்து உயிர் பெற்று வரும். அதற்குள் பல்லவி முடிந்துவிடும்.