நாய் தேறிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான் இருக்கிறோம், பிள்ளைகள் வெளியூரில். கருப்பன் என்று ஒரு நாட்டு நாய் வளர்க்கிறோம், 4 வயது, 20 கிலோ. பத்து நாளைக்கு முன்னால் சாப்பாட்டை விட்டுவிட்டு வளவிலேயே சுருண்டு படுத்துக்கொண்டான். உடம்பு கொதித்ததால் நாங்கள் போடும் பாராசிட்டமால் 650 மாத்திரையில் பாதி கொடுத்தேன். இரண்டு நாள் சும்மா இருந்தான், மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. காரைக்குடியில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து உண்ணிக் காய்ச்சல், பிளேட்லெட் 42,000 என்றார். டாக்சிசைக்ளின் 100 மி.கி. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, 28 நாளைக்கு எழுதினார். இன்றோடு 6 நாள். நன்றாகச் சாப்பிடுகிறான், வாசலில் யார் வந்தாலும் குரைக்கிறான். இவ்வளவு ஆன்டிபயாடிக் உடம்புக்கு ஆகுமா, நிறுத்திவிடலாமா? நான் கொடுத்த மாத்திரையால்தான் ரத்தம் வந்ததோ என்று மனசு உறுத்துகிறது. பூனை ஒன்றும் இருக்கிறது, இரண்டு நாளாகத் தும்முகிறது, உடம்பும் சூடு. அதற்குக் கால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: ஆச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. கால் மாத்திரையும் வேண்டாம், அரைக்கால் மாத்திரையும் வேண்டாம், பேரப்பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த சிரப்பில் ஒரு சொட்டும் வேண்டாம். நம் கல்லீரல் இந்த மருந்தை வேறொரு பொருளோடு சேர்த்துக் கட்டி வெளியே தள்ளிவிடும், அந்த வேலையைச் செய்கிற நொதி பூனைக்கு மிகக் குறைவு. அதனால் மருந்து உள்ளேயே விஷமாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ரத்தம் காப்பிக் கலருக்குப் போகும், ஈறு நீலம் பாரிக்கும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். நீங்கள் சொல்கிற கால் மாத்திரை என்பது கிட்டத்தட்ட 160 மி.கி., 4 கிலோ பூனைக்கு உயிரே போகக்கூடிய அளவு அது. இதைப் படிப்பதற்குள் கொடுத்திருந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போய் 'பாராசிட்டமால் கொடுத்துவிட்டேன், இத்தனை மணிக்கு, இவ்வளவு' என்று சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்று மாற்று மருந்து இருக்கிறது, முதல் சில மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது உங்கள் மன உறுத்தல். கருப்பனுக்கு நீங்கள் கொடுத்தது 325 மி.கி., 20 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 16 மி.கி. சொச்சம்தான். நாய்க்குப் பாராசிட்டமாலை நாங்களே சில சமயம் கிட்டத்தட்ட அந்த அளவில் கொடுப்பது உண்டு. மூக்கில் ரத்தம் வந்ததற்கு நீங்கள் காரணம் இல்லை, உண்ணிக் காய்ச்சல்தான் காரணம். ஆனால் ஒரு தப்பு நடந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் 'சரி, தேறிவிடுவான்' என்று இரண்டு நாள் போய்விட்டது. அந்த இரண்டு நாளில், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் இறங்கிக்கொண்டே இருந்திருக்கும். அப்புறம், கையில் கிடைத்தது பாராசிட்டமாலாகப் போனது உங்கள் நல்ல நேரம். மூட்டுவலிக்கு நம் வீடுகளில் இருக்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிளேட்லெட் குறைந்த நாய்க்கு அதைக் கொடுத்திருந்தால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாகியிருக்கும். கடையில் 'காய்ச்சல் மாத்திரை' என்று கேட்டால் பாராசிட்டமாலும் இந்த வலி மருந்தும் கலந்த மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள், பலருக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை.

இன்னொன்று, நாயின் உடம்பு எப்போதுமே நம் கைக்குச் சூடாகத்தான் இருக்கும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதற்கு இயல்பு. பூனைக்கும் ஏறக்குறைய அதேதான். தொட்டுப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் பயன்படாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் தனியாக வாங்கி வைத்து, நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல்.

இப்போது 28 நாள் விஷயம். நிறுத்தாதீர்கள் ஆச்சி. உண்ணிக் காய்ச்சலில் நம் பக்கம் அதிகம் பார்ப்பது எர்லிகியா என்ற கிருமி. இது ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை, எந்த வெள்ளையணு கிருமியைப் பிடித்துத் தின்ன வேண்டுமோ அதற்குள்ளேயே போய்க் குடியிருக்கிறது. டாக்சிசைக்ளின் ஆரம்பித்தால் ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் விடும், மூன்றாம் நாள் சோறு இறங்கும், ஒரு வாரத்தில் நாய் பழையபடி வாசலுக்கு ஓடும். அதைப் பார்த்து எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். மண்ணீரலில் ஒளிந்திருக்கும் கிருமி அப்போதும் உயிரோடுதான் இருக்கும். பாதியில் விட்டால் வெளியே ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில், சில நாய்களில் வருஷக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு எலும்பு மஜ்ஜையைப் பிடித்துவிடும். மஜ்ஜை கெட்டால் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் எதுவுமே புதிதாக உற்பத்தியாகாது. அந்தக் கட்டத்தில் வரும் நாயைக் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம். ஏழாம் நாளோடு மாத்திரையை நிறுத்தின ஒரு நாயை ஏழெட்டு மாதம் கழித்து என்னிடம் தூக்கி வந்தார்கள். ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, வயிறெல்லாம் சிவப்புப் புள்ளி. இரண்டு தடவை வேறு நாயின் ரத்தம் ஏற்றினோம், பிழைக்கவில்லை. மிச்ச மாத்திரை அட்டை அவர்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது என்று அவர்கள் சொன்னதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஆன்டிபயாடிக் அதிகமோ என்ற பயம் நியாயமானதுதான், தேவையில்லாத இடத்தில் கொடுத்தால் நானும் திட்டுவேன். இங்கே தேவை இருக்கிறது. கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 மி.கி. என்பது கணக்கு, உங்கள் டாக்டர் எழுதிய 200 மி.கி. கருப்பன் எடைக்குச் சரியாகப் பொருந்துகிறது. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், மாத்திரை தொண்டையில் ஒட்டிப் புண்ணாகாமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றிவிடுங்கள். பால்சோற்றிலோ தயிர்சோற்றிலோ வைத்துக் கொடுக்க வேண்டாம், அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் குறைவாகத்தான் சேரும். கால்சியம் டானிக்கும் இரும்புச்சத்து டானிக்கும் அப்படித்தான், இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. நம் வீட்டுக் குழம்பு மிச்சத்தைச் சோற்றில் பிசைந்து வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் சின்ன வெங்காயமும் பூண்டும் கைநிறையப் போட்டிருப்போம். வெங்காயம், பூண்டு இரண்டுமே நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் மோசம். ஒருநாள் கொஞ்சம் தின்றதால் எதுவும் ஆகிவிடாது, தினமும் தின்று வந்தால் சேர்ந்து சேர்ந்து ரத்தசோகை வரும். ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் கருப்பனுக்கு இப்போது அது அறவே வேண்டாம். உப்பு, காரம் போடாமல் வேகவைத்த கோழி, முட்டை, ஈரல் கொஞ்சம், சோறு. போதும்.

என்ன கவனிக்க வேண்டும் என்றால், தினமும் உதட்டைத் தூக்கி ஈறு நிறத்தைப் பாருங்கள், சிறுநீர் நிறத்தையும் பாருங்கள். ஈறு வெளுத்தாலோ சிறுநீர் கடுங்காப்பி மாதிரி போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பபீசியா என்று இன்னொன்று உண்டு, அதே உண்ணி கொண்டு வருவது, சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைப்பது, இரண்டும் சேர்ந்தே வருவதும் சாதாரணம். டாக்சிசைக்ளின் மட்டும் அதற்குப் போதாது. ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்து எந்த வகை என்று தெரிந்துகொண்டு, டிமினசின் ஊசியோ, இமிடோகார்ப் ஊசியோ, அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்கும் மருந்தோ டாக்டர் முடிவு செய்வார். உங்கள் சீட்டில் பிரெட்னிசலோன் என்று சின்ன மாத்திரை இருந்தால் அது ஸ்டீராய்டு. பிளேட்லெட்டை உடம்பே அழிக்கிற நேரத்தில் சில நாளைக்குக் கொடுப்பது உண்டு. அதை டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், அது நடக்கும்போது எந்த வலி மாத்திரையும் கூடவே கூடாது.

நாய்க்கு மருந்து கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது, மீதிப் பாதி உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நம் ஊர் நாய்களில் இருக்கும் பழுப்பு உண்ணி காட்டைவிட வீட்டுக்குள் வாழப் பழகியது. குஞ்சாக ஒரு தடவை நாய்மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கும், தோலுரித்துக்கொண்டு மறுபடி ஏறும், இறங்கும், பெரிதாகி மூன்றாம் தடவை ஏறும். ரத்தம் குடித்துப் பருத்த பெட்டை உண்ணி கீழே விழுந்ததும் நேராகச் சுவர்மேல் ஏறி ஒரு விரிசலைத் தேடிப் போய் ஆயிரத்துக்கு மேல், சில சமயம் 4,000 வரைகூட முட்டையிடும். செட்டிநாட்டு வீட்டைவிட அதற்கு வசதியான இடம் எது சொல்லுங்கள்? திண்ணைத் தூண் அடியில் இடுக்கு, நிலைக்கதவுக்கும் சாந்துச் சுவருக்கும் நடுவில் இடைவெளி, இரண்டாம் கட்டில் யாரும் திறக்காத அறை, கட்டிலுக்கு அடியில் மடித்து வைத்த சாக்கு. பெரிய உண்ணி ரத்தம் குடிக்காமலே ஒரு வருஷத்துக்கு மேல்கூட உயிரோடு காத்திருக்கும். இந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை, ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்பதும் இல்லை.

அதனால் கருப்பன் படுக்கிற சாக்கைக் கொளுத்திவிட்டுப் புதுத் துணி போடுங்கள், வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். அவன் படுக்கும் இடத்தைச் சுற்றிச் சுவர் விரிசல்களைப் பூசி அடையுங்கள். பூச்சி மருந்து அடிப்பதென்றால் விவரம் தெரிந்த ஆளை வைத்து இடுக்குகளில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், காய்கிற வரை நாயும் பூனையும் உள்ளே வரக் கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு வலிப்பு கொண்டுவரும். நாய்க்கு முதுகில் விடும் சொட்டு மருந்தைப் பூனைக்கு விடவே கூடாது என்பதும் அதனால்தான். நாய்க்கு இப்போது மெல்லும் மாத்திரைகள் வந்திருக்கின்றன, அஃபோக்சோலனர் மாதம் ஒன்று, ஃப்ளூரலனர் மூன்று மாதத்துக்கு ஒன்று, எடை பார்த்துக் கொடுப்பது. விலை கூடுதல்தான், ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன், குறைந்தது ஒரு வருஷம் விடாமல். வலிப்பு வந்த நாயாக இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர், பினாயில் எதுவும் உடம்பில் தடவ வேண்டாம், நாய் நக்கும், விஷம் உள்ளே போகும். ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று போட்டுவிடாதீர்கள். கையில் சிக்கும் உண்ணியைச் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள், நகத்தில் வைத்து நசுக்க வேண்டாம், மனிதருக்கும் சில காய்ச்சல்களைப் பரப்பக்கூடியது அது.

பூனைக்கு வருகிறேன். தும்மல், சூடு, கண்ணில் நீர் என்றால் பெரும்பாலும் பூனைச் சளிதான், ஹெர்ப்பிஸ் வகை அல்லது கலிசி என்ற வைரஸ். நாய்க்கும் உங்களுக்கும் ஒட்டாது. வைரஸுக்கு நேரடி மருந்து எல்லோருக்கும் தேவைப்படாது, மேலே பாக்டீரியா சேர்ந்தால் டாக்சிசைக்ளினோ அமாக்சிசிலின் வகையோ அதன் எடைக்கு டாக்டர் தருவார். கருப்பன் அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளிப் போட்டுவிடாதீர்கள். பூனையின் உணவுக்குழாயில் அந்த மாத்திரை ஒட்டிக்கொண்டால் உள்ளேயே புண்ணாகிச் சுருங்கிவிடும், தண்ணீர் புகட்டித்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் பழைய கண் சொட்டு மருந்து இருந்தால் அதையும் விடாதீர்கள், ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் கண் புண் பெரிதாகிவிடும். மூக்கடைத்த பூனைக்கு வாசம் தெரியாது, வாசம் தெரியாவிட்டால் சாப்பிடாது. மீனை உப்பில்லாமல் வேகவைத்து வெதுவெதுப்பாக வையுங்கள், மூக்கை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னவில்லை என்றால் மறுநாள் காலையில் கூடையில் வைத்துத் தூக்கிப் போய்விடுங்கள், பட்டினி கிடந்தால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகிவிடும்.

கருப்பனுக்கு நாளையோ மறுநாளோ ஒருமுறை பிளேட்லெட் எண்ணிப் பாருங்கள், மாத்திரை முடிந்த பிறகு இன்னொருமுறை. நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். அப்போது யாராவது உண்ணிக் காய்ச்சல் கிட் மறுபடி போட்டு 'இன்னும் பாசிட்டிவ்' என்றால் பதறாதீர்கள், பெரும்பாலான கிட்கள் கிருமியை அல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் காட்டும், அது குணமான பிறகும் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் அந்த அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் சேர்த்து எனக்கு அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.