குளிரிலும் மழையிலும் மர டெக்: கேள்வி பதில்

கனடாவின் வான்கூவர் பக்கத்தில் டெக், அதாவது வீட்டோடு ஒட்டிய திறந்த மர மேடை, கட்டுவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். ஒக்டோபர் மழை தொடங்கியதும் பலரும் ஒரே கேள்விகளைக் கேட்பதால், எல்லாவற்றையும் இங்கேயே கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். டொரொண்டோ, கிளாஸ்கோ, பேர்கன் என்று தூரத்தில் இருந்தும் கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு ஊர் பதில் கொஞ்சம் மாறும். மாறும் இடத்தில் சொல்கிறேன்.

சர்ரேயில் இருந்து: அண்ணா, கோடை முழுக்க நேரம் கிடைக்கவில்லை. இந்தச் சனி, ஞாயிறு மழை இல்லையாம். சீடர் மர டெக்குக்கு ஸ்டெய்ன் (மரத்துக்குள் ஊறும் நிறப்பூச்சு) அடித்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. இரண்டு நாள் வெயிலில் பலகையின் மேல்தோல் மட்டும்தான் காயும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று சில்லறை விலைக்குக் கிடைக்கிறது. குத்திப் பாருங்கள், 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். மழைக்காலம் பிடித்த பிறகு எங்கள் பக்கத்தில் மூடாத டெக் அந்த அளவுக்கு இறங்குவது அபூர்வம். போதாததற்கு மாலையானதும் பனி இறங்கிவிடும். காயாத ஸ்டெய்ன் மேல் பனி விழுந்தால் வெள்ளைத் திட்டு.

வான்கூவரில் உண்மையில் வறண்ட மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும்தான். அப்போது காலைப் பனி காய்ந்ததும் தொடங்கி, பிற்பகல் நடுவில் நிறுத்துங்கள். நேர் வெயில் சுடும் பலகையில் அடிக்காதீர்கள், உள்ளே ஊறுவதற்கு முன்பே மேலே காய்ந்துவிடும். இந்த வார இறுதிக்கும் வேலை இருக்கிறது: பலகை இடுக்குகளில் சிக்கிய இலைகளையும் ஊசியிலைகளையும் ஒரு பழைய கத்தியால் கிளறி எடுங்கள், பூச்சட்டிகளை நகர்த்துங்கள், தண்ணீர்ப் பீலியில் அடைப்பு இருந்தால் எடுங்கள். ஸ்டெய்னை விட இதனால்தான் உங்கள் டெக்குக்கு ஆயுள் கூடும்.

பர்னபியில் இருந்து: எங்கள் டெக் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. பலகை மாற்ற வேண்டும் என்று ஒருவர் விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கெட்டுப்போய்விட்டதா?

சாம்பல் நிறம் வெயிலின் வேலை அக்கா, உளுத்ததற்கு அடையாளம் இல்லை. புறஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பில் இருக்கும் லிக்னினை, அதாவது நாரைப் பிணைக்கும் பசையை, சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மாறுவது மெல்லிய மேல்தோல் மட்டுமே. நிறம் வேண்டுமென்றால் ஒக்ஸாலிக் அமிலம் கலந்த டெக் பிரைட்னர் போதும். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பலகையில் அழுத்திக் குத்துங்கள். அரை சென்டிமீட்டர் சுலபமாக இறங்கினால் பிரச்சினை. இறங்காவிட்டால் அந்த விலைப்பட்டியலை மடித்து வையுங்கள்.

கொக்விட்லத்தில் இருந்து: குத்திப் பார்க்கச் சொல்கிறீர்கள் சரி, எங்கே குத்துவது? டெக் பெரியது.

நல்ல கேள்வி, இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன்.

மரத்தை உளுக்க வைப்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதற்குப் பிழைப்பில்லை. 30 சதவீதத்தை ஒட்டி நீண்ட நாள் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே நனையும் இடத்தைத் தேட வேண்டாம், நனைந்தபின் காயாத இடத்தைத் தேடுங்கள். திறந்த வெளியில் கிடக்கும் பலகையின் நடுப்பகுதி எவ்வளவு மழை வாங்கினாலும் காற்றில் காய்ந்துவிடும். இரண்டு மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டும் இடம் காயாது.

முதலில் லெட்ஜர், அதாவது வீட்டுச் சுவரோடு டெக்கைப் பிடித்துவைத்திருக்கும் நீளச் சட்டம். அதற்கு மேலே தகரத் தகடு செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் சுவரில் வழியும் மழை நேரே சட்டத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்படியே சுவரில் அது வெறும் ஆணியால் அறைந்திருக்கிறதா, போல்ட் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வட அமெரிக்காவில் ஆட்களோடு சேர்ந்து டெக் இடிந்து விழும்போது பல தடவை கழன்றுவிடுவது இந்த இணைப்புத்தான். ஆணி மட்டும் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது பலகைகளைத் தாங்கும் ஜாயிஸ்ட்களின் மேல்விளிம்பு. ஸ்குரூ இறங்கிய ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். கீழே குனிந்து போய் டோர்ச் அடித்துப் பாருங்கள். கறுத்த கோடு தெரிந்தால் அங்கே குத்துங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் அந்த விளிம்பில் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத ரப்பர் ஒட்டுநாடா) ஒட்டினால் இந்தத் தலைவலியே இல்லை. அப்புறம் படிக்கட்டுச் சட்டம் மண்ணைத் தொடும் இடம், கைப்பிடித் தூணின் அடி, இரண்டு பலகை முனையோடு முனை முட்டும் இடம். வெட்டுமுனை தண்ணீரை மற்றப் பக்கங்களை விடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும் என்பதை மறக்கவேண்டாம்.

இன்னொன்று. குளிர்தான் மரத்தைக் கெடுக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வினிபெக் மாதிரி மைனஸ் இருபதில் உறைந்து கிடக்கும் ஊரில் பூஞ்சை மாதக்கணக்கில் தூங்கும். எங்கள் பக்கத்துக் குளிர்காலம் உறையாமல், காயாமல், ஐந்தாறு டிகிரியில் இழுத்துக்கொண்டே போகும். உளுப்பு மெதுவாக என்றாலும் நடந்துகொண்டே இருக்கும்.

கிளாஸ்கோவில் இருந்து: டெக் முழுக்கப் பச்சைப் பாசி. போன வாரம் அம்மா வழுக்கி விழப் பார்த்தார். வீட்டு பிளீச் ஊற்றலாமா? வீட்டில் பூனை இருக்கிறது.

பிளீச் பாசியைக் கொல்லும், கூடவே மரநாரையும் அரிக்கும், ஸ்குரூவைத் துருப்பிடிக்க வைக்கும், பக்கத்துச் செடியையும் கருக்கும். அதற்குப் பதிலாக சோடியம் பெர்கார்பனேட் தூள், அதாவது ஒக்சிஜன் பிளீச் என்று விற்பது. வெந்நீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் காயவிடாமல் ஈரமாகவே வைத்து, விறைப்பான நைலோன் தும்புத்தடியால் பலகை ஓடும் திசையில் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், உடைந்த கம்பித்துண்டு துருப்பிடித்துக் கறையாகும்.

உங்கள் ஊர்க் கடைகளில் விற்கும் பாசி நீக்கிகள் பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைட் இருக்கும். வேலை செய்யும், ஆனால் ஈரத்தில் மிதித்துவிட்டுப் பூனை பாதத்தை நக்கினால் ஆபத்து. நன்றாகக் காயும்வரை பூனை உள்ளேயே இருக்கட்டும். மீன் குளம் இருந்தால் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நிழல் இருக்கும்வரை பாசி திரும்ப வரும். வேலிச் செடியை வெட்டிக் காற்றும் வெளிச்சமும் விடுங்கள். அம்மா நடக்கும் வழியில் மட்டும் வழுக்காத பட்டைகளை ஸ்குரூ போட்டுப் பிடித்துவிடுங்கள், இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். வரி வரியாகக் கோடு போட்ட பலகை வழுக்காது என்று விற்பார்கள். அந்தக் கோட்டுக்குள் தண்ணீரும் அழுக்கும் தேங்கினால் அதுவும் வழுக்கும்.

சர்ரேயில் இருந்து இன்னொருவர்: பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். எவ்வளவு வேகம் வைக்கலாம்?

சீடர் மென்மையான மரம். 500, 600 பிஎஸ்ஐக்கு (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) மேல் போகாதீர்கள், விசிறி மாதிரி விரியும் முனையைப் போட்டு ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். வாடகை மெஷின்கள் 3000 வரை போகும். அப்படியே அடித்தால் மென்மையான நார் கிழிந்து, கால் வைத்தால் சிலாம்பு ஏறும். பயமாக இருந்தால் தோட்டக் குழாயும் தும்புத்தடியும் போதும். நார் எழும்பிவிட்டால் காய்ந்தபின் 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். மேசை மாதிரி வழவழப்பாக்க 150, 200 என்று போனால் ஸ்டெய்ன் உள்ளே இறங்காது.

ஸ்காபரோவில் இருந்து: ஸ்னோவை அள்ளவேண்டுமா, அப்படியே விடலாமா? உப்புப் போட்டால் டெக்குக்குக் கேடா?

ஒழுங்காகக் கட்டிய டெக் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 190 கிலோ தாங்குமாறு கணக்குப் போட்டிருப்பார்கள். இப்போதுதான் விழுந்த ஸ்னோ ஓர் அடி என்றால் முப்பது கிலோவுக்கு அங்கே இங்கே. அதே ஓர் அடி நனைந்து இறுகியிருந்தால் நூறைத் தொடும். கூரையிலிருந்து சரிந்து குவிந்தால் இன்னும் மோசம். டெக் பழையது, லெட்ஜர் எப்படி என்று தெரியாது என்றால் அள்ளுங்கள். மற்றபடி கதவடியும் படியும் நடைவழியும் போதும்.

பிளாஸ்டிக் சவள் எடுங்கள், இரும்பு வேண்டாம். பலகையின் நீளவாக்கில் தள்ளுங்கள். குறுக்கே தள்ளினால் ஒவ்வொரு விளிம்பிலும் இடிக்கும். உறைந்த ஐஸைக் கொத்தாதீர்கள். கல்லுப்பு மரத்தைவிட ஸ்குரூவையும் இணைப்புத் தகடுகளையும்தான் சீக்கிரம் தின்னும். உப்புக்குப் பதிலாக வேண்டுமென்றால் கல்சியம் மக்னீசியம் அசிட்டேட் என்று ஒன்று இருக்கிறது. விலை கூட, ஆனால் அரிப்பு மிகக் குறைவு.

ஸ்காபரோவில் இருந்து, அவரே: வசந்தத்தில் பார்த்தால் டெக்கின் ஒரு மூலை மேலே எழும்பி நிற்கிறது. கோடையில் இறங்கிவிடுகிறது. என்ன மாயம்?

மண்ணில் இருக்கும் தண்ணீர் உறைந்து தூணை மேலே தள்ளுகிறது. டொரொண்டோ பக்கம் அத்திவாரம் 1.2 மீட்டர் ஆழம் போகவேண்டும், அந்த ஆழத்துக்குக் கீழேதான் மண் உறையாது. அந்த மூலைத் தூண் ஆழம் காணாமல் நிற்கிறது. மேலே எந்தப் பலகையைச் சீவினாலும் தீராது, தோண்டித்தான் ஆகவேண்டும்.

மார்க்கத்தில் இருந்து: எங்கள் ஊரில், வடமராட்சியில், வேலிக் கட்டைக்குக் கழிவு ஒயில் பூசுவார்கள், கறையான் வராது. டெக்குக்கும் அதைப் பூசினால் என்ன?

அப்பா காலத்துப் பழக்கம், எனக்கும் தெரியும். வேலிக் கட்டையில் யாரும் வெறுங்காலோடு நடப்பதில்லை அண்ணா. எஞ்சின் கழிவு ஒயிலில் உலோகத் துகளும் எரிந்த எச்சமும் இருக்கும். மழையில் கழுவுண்டு மண்ணுக்கும் வடிகாலுக்கும் போகும், டெக் வழுக்கும், பிறகு எந்த ஸ்டெய்னும் ஒட்டாது. ஆளிவிதை எண்ணெய் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பச்சை எண்ணெயாகப் பூசினால் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு போட்ட மாதிரி, ஈர ஊரில் சில மாதத்தில் கறுத்துவிடும். பூஞ்சண எதிர்ப்பு மருந்து சேர்த்த டெக் எண்ணெயாகவே வாங்குங்கள்.

ஏஜெக்ஸில் இருந்து: கீறல் எல்லாம் மூடித் தடிப்பாகப் பூசும் பெயின்ட் விளம்பரம் பார்த்தேன். பத்து வருடம் கவலையில்லையாம்.

தடித்த பூச்சு மேலே ஒரு தோல்போல உட்காரும். மரம் நனையும்போது விரிந்து, காயும்போது சுருங்கும். தோல் எங்காவது வெடிக்கும். வெடித்த இடத்தில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். அதைச் சுரண்டி எடுக்கும் வேலையை எதிரிக்கும் கொடுக்கமாட்டேன். உள்ளே ஊறும் ஸ்டெய்ன் இரண்டு, மூன்று வருடத்தில் மங்கும். கழுவி மேலே இன்னொன்று அடித்தால் முடிந்தது. நிறம் கொஞ்சம் உள்ளதாக வாங்குங்கள், வெயிலைத் தடுப்பது அந்த நிறத்துகள்தான். கண்ணாடி மாதிரித் தெளிவானது சாம்பல் நிறத்தை அதிக நாள் தள்ளிப்போடாது.

ஏஜெக்ஸில் இருந்து இன்னொருவர்: பிரஷர் ட்ரீட்டட் பலகையில் புது டெக். எப்போது ஸ்டெய்ன் அடிக்கலாம்?

உளுக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பலகை ஈரத்தோடுதான் கடைக்கு வரும். சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பொறுங்கள், உறிஞ்சினால் அடிக்கலாம். சில வாரமும் ஆகும், சில மாதமும் ஆகும். அதுவரை ஒரு வேலை பாக்கி: வாளால் அறுத்த முனைகள். மருந்து உள்வரைக்கும் போயிருக்காது, அறுத்த இடத்தில் பச்சை மரம் வெளியே தெரியும். அங்கே கொப்பர் நாப்தனேட் என்ற உளுப்புத் தடுப்பு மருந்து பூசினாரா என்று கட்டியவரிடம் கேளுங்கள். பலகையில் ஏற்றிய மருந்தில் செம்பு இருப்பதால் சாதாரண ஸ்குரூ அரித்துப்போகும். ட்ரீட்டட் மரத்துக்கென்று விற்பதோ ஸ்டெயின்லெஸ்ஸோதான் போடவேண்டும்.

நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்து: 1995இல் கட்டிய டெக்கை உடைக்கிறோம். பச்சை கலந்த பலகை. குளிர்காலத்துக்கு எரிக்க வைத்திருக்கலாமா?

கட்டாயம் கூடாது. 2003 முடியும்வரை வீட்டு மரங்களுக்கு ஏற்றிய மருந்தில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தது. புகையிலும் சாம்பலிலும் அது வரும். அறுக்கும்போதும் முகமூடி போடுங்கள், மரத்தூளைப் பூந்தோட்டத்தில் கொட்டாதீர்கள். நகரசபைக் கழிவு நிலையத்தில் ட்ரீட்டட் மரம் என்று சொல்லிக் கொடுங்கள்.

பேர்கனில் இருந்து: அண்ணா, நீங்கள் சொல்லும் வறண்ட ஜூலை எங்களுக்கு இல்லை. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. எப்போதுதான் பூசுவது?

உங்கள் ஊரில் பூச்சை நம்பி டெக் வைத்திருப்பது கஷ்டம் தங்கச்சி, மரத்தை நம்புவது நல்லது. நோர்வேயில் ரோயல் என்று ஒரு முறை இருக்கிறது: செம்பு மருந்து ஏற்றிய பைன் பலகையை வெற்றிடத்தில் சூடான எண்ணெயில் வேகவைப்பார்கள். கெபோனி என்பது உங்கள் நாட்டுக் கம்பனியே செய்வது, மரத்தின் உள்ளமைப்பையே மாற்றிய பலகை. பூச்சே இல்லாமல் சாம்பல் நிறமாக விட்டுவிடலாம். இருக்கும் டெக்கை மாற்ற வழியில்லை என்றால், மே, ஜூனில் கிடைக்கும் காய்ந்த நாட்களில் ஒரு பகுதியை மட்டும் தார்ப்பாயால் கூரைபோல, பக்கங்கள் திறந்தபடி மூடி, காயவிட்டுப் பூசுங்கள். அடுத்த வருடம் அடுத்த பகுதி. பலகைக்கு நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி திறந்தே இருக்கட்டும், டெக்குக்கு அடியில் சாமான் அடைக்காதீர்கள்.

டெல்டாவில் இருந்து: சீடர் பலகையில் ஆணியைச் சுற்றிக் கறுப்பாக வழிந்திருக்கிறது. பூஞ்சணமா?

இல்லை. சீடரில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் அந்தக் கறை வரும். ஒக்ஸாலிக் அமிலம் போட்டால் போகும், ஆணி இருக்கும்வரை திரும்ப வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவாக மாற்றுங்கள்.

சர்ரேயில் இருந்து, முதலில் கேட்ட தம்பி: சரி அண்ணா, ஜூலைவரை பொறுக்கிறேன். மிச்ச எண்ணெய் ஸ்டெய்னும் துணியும் கராஜில் கிடக்கின்றன, இருக்கட்டுமா?

டப்பா மூடியிருந்தால், உறையாத இடத்தில் இருக்கட்டும். துணியை இன்றைக்கே பாருங்கள். எண்ணெய் ஊறிய துணி காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், மழையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர வாளியில் அமுக்கி மூடி வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள்.