வாடகை சேர்வரில் விண்டோஸ் லைசன்ஸ்: ஒரே தடவையில் வாங்கிப் போட முடியாதா?

கேள்வியின் சுருக்கம்: கேட்டவர் கொழும்பில் இணையத்தளங்கள் செய்து கொடுக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறார். வாடிக்கையாளர்களின் தளங்களை ஒரே விபிஎஸ்ஸில் (பெரிய சேர்வரொன்றில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் பங்கு) தானே வைத்துக் கொடுக்கப் பார்க்கிறார். கைக்கு வந்த கொட்டேசனில், சேர்வர் வாடகைக்குக் கீழே ‘விண்டோஸ் சேர்வர் 2016 லைசன்ஸ்’ என்று மாதா மாதம் டொலரில் ஒரு தொகை. அதை ஒரு தடவை விலைக்கு வாங்கிப் போட்டுவிட முடியாதா, தளத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சிஏஎல் (சேர்வரைப் பாவிக்கும் ஆளுக்கோ கருவிக்கோ வாங்கும் அனுமதி லைசன்ஸ்) வேண்டுமா என்பவை அவருடைய இரண்டு கேள்விகள்.

முதலாவதுக்குப் பதில், உங்கள் நிலைமையில் முடியாது. இரண்டாவதுக்கு, வேண்டியதில்லை. ஆனால் சிறு நிறுவனங்களின் சேர்வர்களைப் பராமரிப்பவன் என்ற முறையில், நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு விண்டோஸ் எதற்கு?

நீங்கள் வைக்கப்போகிற தளங்கள் வேர்ட்பிரஸ்ஸோ பிஎச்பியோ என்றால் அந்தக் கொட்டேசனைத் திருப்பி அனுப்பிவிட்டு லினக்ஸ் விபிஎஸ் கேளுங்கள். உபுண்டு, டெபியன், அல்மாலினக்ஸ் என்ற லினக்ஸ் வகைகள் எதற்கும் லைசன்ஸ் கட்டணம் கிடையாது. எத்தனை வாடிக்கையாளர்களை ஏற்றினாலும் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். விண்டோஸ் கட்டாயமாவது மைக்ரோசொஃப்ட்டின் பழைய ஏஎஸ்பி முறைப் பக்கங்களுக்கும், அதன் டொட் நெட் பிரேம்வேர்க் 4.8.1 வரையிலான பதிப்புகளில் எழுதிய செயலிகளுக்கும்தான். 2016இல் வந்த ‘டொட் நெட் கோர்’ பதிப்பும் அதன் பின்வந்தவையும் லினக்ஸிலேயே ஓடும். மைக்ரோசொஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வர்கூட 2017 பதிப்பிலிருந்து லினக்ஸில் ஓடுகிறது, அதற்குரிய லைசன்ஸ் மட்டும் எங்கு ஓடினாலும் வேண்டும். ஆகவே, ‘எங்கள் மென்பொருள் மைக்ரோசொஃப்ட்டுடையது, விண்டோஸ்தான் வேண்டும்’ என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால், எந்தப் பதிப்பில் எழுதியது என்று அதை எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.

லினக்ஸ் என்றால் செலவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். கட்டுப்பாட்டுப் பலகைக்குச் சிபேனல் எடுத்தால் அது 2019இலிருந்து கணக்குகளின் எண்ணிக்கைப்படி காசு வாங்குகிறது. தளம் கூடக்கூட பில்லும் கூடும்.

இனி, விண்டோஸ்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டி பிளாசாவில் கணினி வாங்கிப் பழகிய நமக்கு லைசன்ஸ் என்பது ஒரு தடவை காசு கொடுத்து முடித்துவிடுகிற விடயம். சேர்வரில் அப்படி இல்லை. அந்த இரும்பு, அதாவது சேர்வர் இயந்திரம், யாருடையது, அதில் ஓடுவது யாருக்காக என்ற இரண்டும் சேர்ந்துதான் எந்த லைசன்ஸ் என்பதைத் தீர்மானிக்கின்றன. விபிஎஸ்ஸில் இரும்பு வழங்குநருடையது. அதைப் பலருக்குப் பங்கிட்டு வாடகைக்கு விடுகிறார். அப்படி விடுவதற்கென்றே மைக்ரோசொஃப்ட்டிடம் எஸ்பிஎல்ஏ என்ற சேவை வழங்குநர் ஒப்பந்தம் இருக்கிறது. வழங்குநர் ஒவ்வொரு மாதமும் பாவனையைக் கணக்குக் காட்டிப் பணம் கட்டுகிறார். உங்கள் கொட்டேசனில் உள்ள தொகை அங்கிருந்து வருவது. அவர் உங்களை ஏமாற்றவில்லை.

கடையில் வாங்கிய சாதாரண லைசன்ஸை அங்கே கொண்டுபோய்ப் போட விதி இடம் தராது. சொந்த லைசன்ஸைப் பிறருடைய சேர்வருக்குக் கொண்டுசெல்ல, 2022 ஒக்டோபரிலிருந்து ஒரு வழி திறந்திருக்கிறது. ஆனால் அதற்குச் சொஃப்ட்வெயர் அஷூரன்ஸ் எனும் தொடர் ஒப்பந்தமோ சந்தாவோ வேண்டும். வழங்குநர் அமேசன், கூகுள், அலிபாபா போன்ற பட்டியலிட்ட பெருநிறுவனமாக இருக்கவும் கூடாது. அதுவும் உங்கள் சொந்தப் பாவனைக்குத்தான். நீங்களோ மற்றவர்களின் தளங்களைக் காசுக்கு வைக்கப் போகிறீர்கள். அந்த நிமிடமே நீங்களும் ஒரு சேவை வழங்குநர். நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் சாதாரணத் தொகுதி லைசன்ஸ் அதற்கு இடம் கொடுக்காது. மாத வாடகையோடு போவதே உங்களுக்குச் சரியான வழி.

‘சொந்த சேர்வர் வாங்கினால் மலிவாக முடியாதா’ என்று அடுத்து யோசிப்பீர்கள். உங்கள் சொந்தத் தேவைக்கு மட்டும் என்றால் கணக்கு இப்படிப் போகும். 2016 பதிப்பிலிருந்து லைசன்ஸ் கோர் (புரொசஸருக்குள் இருக்கும் கணிப்பு அலகு) கணக்கில் வருகிறது. ஒரு புரொசஸருக்குக் குறைந்தது 8, ஒரு சேர்வருக்குக் குறைந்தது 16. உங்கள் இயந்திரத்தில் 8 கோர்தான் இருந்தாலும் 16க்கே காசு. 2022 பதிப்பு வந்தபோது 16 கோருக்கு மைக்ரோசொஃப்ட் போட்ட பட்டியல் விலை ஸ்டாண்டர்ட் வகைக்கு 1,069 டொலர், டேட்டாசென்டர் வகைக்கு 6,155 டொலர். ஸ்டாண்டர்ட்டில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் (ஒரே சேர்வருக்குள் தனித்தனிக் கணினிகள்போல் ஓடுபவை) ஓட்டலாம். இன்னும் இரண்டு வேண்டுமென்றால் எல்லாக் கோர்களுக்கும் மறுபடி ஒருமுறை வாங்க வேண்டும். டேட்டாசென்டரில் எண்ணிக்கை வரம்பே இல்லை. பத்து இயந்திரங்கள் வரை ஸ்டாண்டர்ட்டை அடுக்கிக்கொண்டே போகலாம். பதினொன்றாவதில் டேட்டாசென்டர் மலிவாகிவிடும். இதை வாடிக்கையாளருக்கு வாடகைக்கு விட நினைத்தால் இந்தக் கணக்கே செல்லாது, மறுபடி எஸ்பிஎல்ஏதான்.

சிஏஎல் விடயத்தில் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள், சிலர் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவதில்லை. பொதுமக்கள் பார்க்கிற இணையத்தளத்துக்கு வருகிறவர்களுக்குச் சிஏஎல் தேவையில்லை. அது இணையப் பாவனை என்று விதியிலேயே விலக்குப் பெற்றிருக்கிறது. ஆனால் ஊழியர்கள் மட்டும் நுழைகிற உள் தளம் இந்த விலக்குக்குள் வராது. கணக்கு மென்பொருளை சேர்வரில் போட்டு, கணக்காளர்களை ரிமோட் டெஸ்க்டொப் (தொலைவிலிருந்து சேர்வரின் திரையைத் திறந்து வேலை செய்யும் வசதி) வழியாக உள்ளே விடுவது இன்னொரு வகை. சேர்வரோடு வருகிற இரண்டு ரிமோட் இணைப்புகள் நிர்வாகத்துக்கு மட்டும் உரியவை. கணக்கு எழுதப் பாவித்தால் ஆளுக்கோ கருவிக்கோ சாதாரண சிஏஎல்லும், அதன்மேல் ரிமோட் டெஸ்க்டொப் சிஏஎல்லும் வேண்டும். நான் பார்த்த அளவில் கொழும்பு அலுவலகங்களில் விதி அதிகமாக மீறப்படுவது இந்த இடத்தில்தான், அதுவும் பெரும்பாலும் தெரியாமல்.

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற சேர்வர் ‘கீ’ பற்றியும் ஒரு வார்த்தை. அது வேலை செய்வதும் அது லைசன்ஸாக இருப்பதும் வேறு வேறு. இலங்கையில் கணினி நிரல்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன, ஆகவே ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்பது பதிலாகாது. 180 நாள் சோதனைப் பதிப்பை நிரந்தரமாக ஓட்ட நினைப்பவர்கள் வேறு ரகம். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் சேர்வர் மணிக்கு ஒரு தடவை நின்றுபோனது. மின்வெட்டுக் காலம் என்பதால் முதலில் யூபிஎஸ்ஸை மாற்றினார்கள், பிறகு மின்னிணைப்பாளரை அழைத்தார்கள். சோதனைக் காலம் முடிந்த விண்டோஸ் சேர்வர் தன்னைத்தானே மணிக்கொரு தடவை நிறுத்திக்கொள்ளும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. புது யூபிஎஸ் இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

எஸ்கியூஎல் சேர்வர் வேண்டியிருந்தால் முதலில் எக்ஸ்பிரஸ் பதிப்பைப் பாருங்கள். இலவசம், 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி எல்லை. சிறு கடைகளின் தளங்களுக்கு அது தாராளம்.

விலை வைக்கும்போது டொலரை மறக்காதீர்கள். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஆண்டுக் கட்டணத்தை ரூபாயில் முன்கூட்டியே வாங்கிவிட்டு, வாடகையை மாதா மாதம் டொலரில் கட்டியவர்களுக்கு அந்த ஆண்டு முழுவதும் கைநட்டம். லைசன்ஸ் தொகையை வாடிக்கையாளரின் பில்லில் தனி வரியாகக் காட்டி, மாற்று விகிதப்படி மாறும் என்று எழுதிவிடுங்கள்.

வழங்குநருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போடலாம். மாதத் தொகை எஸ்பிஎல்ஏயின் கீழ் வருகிறதா, உங்கள் வாடிக்கையாளர்களின் தளங்களை அதில் வைக்க அனுமதி இருக்கிறதா, ரிமோட் டெஸ்க்டொப் சிஏஎல் அதில் அடக்கமா இல்லையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கொட்டேசனில் உள்ள 2016 பதிப்பையும் மாற்றச் சொல்லுங்கள். அதற்கான நீடித்த ஆதரவு 2027 ஜனவரி 12இல் முடிகிறது; 2022 அல்லது 2025 பதிப்பைக் கேளுங்கள்.